பிளவின்றி மாறிய விதி: வாக்கு யாருக்கு?

விருதுநகர் மாவட்டம் கொட்டகச்சியேந்தலில் ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினர் இசையாததால் அவ்விதி 2006 வரை முடங்கிக் கிடந்தது. பழைய விதியால் பயன்பெறுவோர் எதிர்க்கையில், ஓர் அமைப்பைப் பிளக்காமல் மாற்றுவது எப்படி?

எத்தீரியம் என்னும் மின்நாணய வலையமைப்பில், பரிவர்த்தனைகளை உறுதிசெய்யும் உரிமை கணினி ஆற்றல் மிக்கோரிடம் இருந்தது. 2020 டிசம்பரில், நாணயத்தைப் பிணையாக வைப்போர் உறுதிசெய்யும் புதிய சங்கிலி இணையாக இயங்கத் தொடங்கியது. 2022 செப்டம்பர் 15 அன்று இரண்டும் இணைக்கப்பட்டன. எதிர்த்தோர் சிலர் தனிச் சங்கிலி தொடங்கினர். பெரும்பான்மையான பயனர்கள் பின்செல்லவில்லை. மின்நுகர்வு 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

ஆயினும், தனித்து உறுதிசெய்வோராக 32 ஈத்தர் பிணை வேண்டும். கொட்டகச்சியேந்தலில் சொத்தில்லாதவருக்கும் சட்டம் ஒரு வாக்கு தந்தது. எத்தீரியத்திலோ பணமே வாக்கு.