கீழே தாழாத பார்வை

வாசிக்கும்போதும் ஒரு முகத்தை உற்று நோக்கும்போதும் மனிதக் கண்கள் சீராக நகர்வதில்லை. ஓரிடத்தில் நின்று, சட்டென்று தாவி, வேறோரிடத்தில் மீண்டும் நிற்கின்றன. நரம்பியலார் ‘சக்கேட்’ என்று குறிப்பிடும் இத்தாவல் நொடிக்கு ஏறத்தாழ 3 முறை நிகழ்கிறது. பெரிய தாவல்களில் வேகம் நொடிக்கு 500 பாகையையும் எட்டுகிறது; ஆயினும் கண் தாவுகிறது என்ற உணர்வு பொதுவாக எழுவதில்லை. மூளைத்தண்டில் உள்ள சிறு நரம்பணுத் திரள்கள் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் மின்துடிப்புகளைச் சரமாரியாகப் பாய்ச்சுவதே இவ்வேகத்துக்குக் காரணம். இவற்றுள் மேலும் கீழும் தாவுவதற்கான அணுக்கள் நடுமூளையிலும், இடமும் வலமும் தாவுவதற்கானவை அதற்குக் கீழே ‘பான்ஸ்’ என்னும் பகுதியிலும் அமைந்திருக்கின்றன. எனவே பார்வை எத்திசையில் முடங்கியது என்பதே மூளையின் எப்பகுதி அழிந்துவருகிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

இதற்குத் தெளிவான சான்று, டொராண்டோவைச் சேர்ந்த ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி ஆகிய மருத்துவர்கள் 1964-இல் 9 நோயாளிகளைக் கொண்டு விவரித்த ‘புரோகிரஸிவ் சுப்ராநியூக்ளியர் பால்ஸி’ என்னும் நோய். நரம்பணுவின் உட்கட்டமைப்பைத் தாங்கும் ‘டௌ’ என்ற புரதம் உருக்குலைந்து முடிச்சுகளாகத் திரள, நடுமூளை அணுக்கள் படிப்படியாக மடிகின்றன. முதலில் மேல்கீழ்த் தாவல்கள் மந்தமாகின்றன. பின்னர் அவை அடியோடு நின்றுவிட, படியிறங்குவதும் தட்டில் உள்ள சோற்றைப் பார்த்து உண்பதும் பெரும்பாடாகின்றன. உடல் நிலைகுலைந்து பின்பக்கமாக விழுவதும் இந்நோயில் தொடக்கத்திலேயே காணப்படுகிறது. கண்ணில் குறையில்லாதபோது கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதால் வீணாகும் மாதங்கள் மிகவும் வருந்தத்தக்கவை.

பழுது கண்தசையில் இல்லை என்பதை ஓர் எளிய சோதனை காட்டும். தானாகக் கீழே நோக்க இயலாத நோயாளியை எதிரே ஒரு பொருளில் பார்வையை நிறுத்தச் சொல்லி, அவரது தலையை மருத்துவர் மேல்நோக்கிச் சாய்த்தால், அதே கண்கள் குழிக்குள் கீழ்நோக்கித் திரும்புகின்றன. ஏனெனில் உட்செவியின் சமநிலை உறுப்பிலிருந்து வரும் கட்டளை, அழிந்த அணுக்களைத் தொடாமல் வேறு வழியாகக் கண்ணரம்புகளின் தோற்றுவாயை அடைகிறது. கட்டளை மேலிருந்து இறங்கும் வழியில்தான் அறுந்துள்ளது.

மற்ற நோய்கள் வேறு தடங்களைப் பதிக்கின்றன. பார்க்கின்சன் நோயில் தாவலின் வேகம் பெரும்பாலும் குறைவதில்லை, ஆனால் தாவல் இலக்குக்கு முன்பே நின்றுவிடுகிறது. தள்ளாட்டமும் விறைப்பும் ஒத்திருக்கும் இந்நோயையும் முன்சொன்ன நோயையும் பிரித்தறிய இவ்வேறுபாடு பெரிதும் உதவுகிறது. ஹண்டிங்டன் நோயில் தாவலைத் தொடங்குவதே கடினமாகி, நோயாளி கண்ணை இமைத்தோ தலையை வெட்டித் திருப்பியோதான் பார்வையை நகர்த்த நேர்கிறது. கை, கால், நாக்கு ஆகியவற்றை இயக்கும் அணுக்களை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோயோ கண்களை இயக்கும் அணுக்களை நெடுங்காலம் விட்டுவைக்கிறது; பேச்சிழந்தவர்கள் கணினித் திரையில் எழுத்துகளைக் கண்ணால் தேர்ந்து உரையாட முடிவது இதனாலேயே.

நடுமூளையில் மடிந்த அணுக்களை மீட்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆயினும் உணவுத் தட்டைப் பார்வை மட்டத்துக்கு உயர்த்தி வைப்பதும், புத்தகத்தைத் தாங்கியில் நிறுத்துவதும், படிகளில் கைப்பிடி பொருத்துவதும், தரையில் இடறும் பொருள்களை அகற்றுவதும் எந்த வீட்டிலும் இயலக்கூடியவை. பார்வை ஏன் தாழவில்லை என்பதை வீட்டார் அறிந்துகொண்ட அன்றே அவற்றைத் தொடங்கிவிடலாம்.