உலகக் கிண்ணமும் ஊர்க் கடையும்

2022 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3.30 மணி. நிந்தவூர் பிரதான வீதியில் கடைகள் திறந்திருக்கும் நேரம். ஆனால் முதலாளியின் கண் தொலைக்காட்சியில். வேலை செய்யும் தம்பியின் கண் கைத்தொலைபேசியில். கட்டாரில் சவூதி அரேபியா ஆர்ஜென்டீனாவை 2-1 என வீழ்த்திய ஆட்டம் அது. அன்று படியேறி வந்த வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் கவனிப்பாரற்றுத் திரும்பிப் போனார்கள் என்று எவரும் கணக்கு வைக்கவில்லை.

உதைபந்தாட்டம் நமது கரையோர ஊர்களுக்குப் புதிதல்ல. பிரேஸில் கொடியும் ஆர்ஜென்டீனாக் கொடியும் ஒரே வீட்டுக் கூரையில் பறந்து, காக்காவும் தம்பியும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த கதைகளும் நம்மிடம் உண்டு. வியாபாரி ஒருவர் இரசிகராக இருப்பதில் பிழை ஏதுமில்லை. கடையையும் ஆட்டத்தையும் ஒன்றாகப் பார்ப்பது எப்படி என்பதே நமது கேள்வி.

முதலில் நேரத்தைப் பாருங்கள். கட்டார் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். ஆகவே 2022 இன் முதற்சுற்று ஆட்டங்களில் பெரும்பாலானவை நமக்குப் பிற்பகல் 3.30, மாலை 6.30, இரவு 9.30, நள்ளிரவு 12.30 என வந்தன. இதில் முதல் இரண்டும் வியாபார நேரம். 2026 போட்டியின் சங்கதி வேறு. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளுக்குரிய இப்போட்டியில், நியூயோர்க்கில் பிற்பகல் 3 மணி என்றால் நமக்கு நள்ளிரவு 12.30. அங்கு இரவு 9 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 6.30. ஜூலை 19 என்று குறிக்கப்பட்ட இறுதியாட்டம்கூட நமது நாட்காட்டியில் 20ஆம் திகதிதான். இப்படியான போட்டி பகல் வியாபாரத்தில் பெரும்பாலும் கை வைக்காது. தூக்கத்தில்தான் கை வைக்கும். ஆனால் தூக்கமில்லாமல் கல்லாவில் இருப்பவர் மீதிக் காசை மாற்றிக் கொடுப்பதும் நட்டம்தான்.

அவுஸ்திரேலியாவில் பிள்ளைகள் இருப்பவர்கள் றக்பி லீக் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். அணிக்கு 13 பேர். நமது நாட்டில் கண்டி, கொழும்புக் கழகங்கள் ஆடும் 15 பேர் கொண்ட றக்பியிலிருந்து இது வேறானது. 2021 இல் நடக்கவிருந்த அதன் உலகக் கிண்ணம் கொரோனாவால் ஒரு வருடம் பிந்தி, 2022 நவம்பர் 19 அன்று இங்கிலாந்தில் முடிந்தது. இறுதியாட்டத்தில் அவுஸ்திரேலியா சமோவாவை 30-10 என வென்றது. மறுநாளே கட்டாரில் உதைபந்தாட்டம் ஆரம்பம்! றக்பி லீக்கின் அடுத்த கிண்ணத்துக்குரிய காலம் 2026 ஒக்டோபர் 15 முதல் நவம்பர் 15 வரை. அந்த மாதங்களில் சிட்னியில் இரவு 8 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 2.30. மகன் அங்கிருந்து அழைத்து "வாப்பா, மெட்ச் பார்க்கிறீங்களா?" என்று கேட்டால், கடையில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எல்லா ஆட்டத்தையும் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2026 இற்கான அமைப்பில் 48 அணிகள், 12 குழுக்கள், 104 ஆட்டங்கள். முதற்சுற்றின் 72 ஆட்டங்களும் முடிந்த பின் வெளியேறுவது 16 அணிகள் மட்டுமே. ஆக, முதல் இரண்டு வாரம் புள்ளி அட்டவணையைக் காலையில் பார்த்தாலே போதும். குழுவின் கடைசி இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடப்பவை. அந்த இரவை ஒதுக்கிக் கொள்ளலாம். அதன் பின் தோற்றவர் வீடு போகும் 32 ஆட்டங்கள். உங்கள் அணியைத் தேர்ந்து அதைப் பின்தொடருங்கள். முதல் தோல்வியில் மனமுடையவும் வேண்டாம்: சவூதியிடம் தோற்ற அதே ஆர்ஜென்டீனாதான் டிசம்பர் 18 இல் பிரான்ஸை 3-3 சமநிலைக்குப் பின் பெனால்டியில் 4-2 என வென்று கிண்ணத்தைத் தூக்கியது.

இனி சரக்கு. எனக்குத் தெரிந்த ஒருவர் 2022 இல் புறக்கோட்டையிலிருந்து மஞ்சள் நிறப் பிரேஸில் சேர்ட்டுகளை முன்திகதியிட்ட காசோலைக்கு இறக்கினார். முதல் இரண்டு வாரம் நல்ல ஓட்டம். "இன்னும் கொஞ்சம் எடுப்போம்" என்று மீண்டும் எடுத்தார். டிசம்பர் 9 வெள்ளிக்கிழமை இரவு பிரேஸில் குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்றது. மறுநாள் காலை அந்தச் சேர்ட்டை யாரும் கையால் தொடவில்லை. காசோலைத் திகதி மட்டும் தவறாமல் வந்தது. அதே வேளை, ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் வென்று அரையிறுதிக்கு வந்த முதல் அரபு, ஆபிரிக்க அணியான மொறோக்கோவின் சிவப்புச் சேர்ட்டைக் கேட்டு வந்த இளைஞர்களுக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அவர் விட்ட பிழை முதற் கொள்வனவு அல்ல, இரண்டாவது கொள்வனவு. அணி வெல்ல வெல்ல விலையும் ஆசையும் ஏறும். ஒரே இரவில் இரண்டும் விழும். கால்இறுதிக்குப் பிறகு புதிதாக எடுக்காதீர்கள். வருடம் அச்சிட்டதைக் குறைவாகவும் வெறும் நிறச் சேர்ட்டைக் கூடுதலாகவும் எடுத்தால், மிஞ்சியது பெருநாளைக்காவது போகும். ஃபிஃபாவின் சின்னம் பதிவு செய்யப்பட்ட வியாபாரக் குறி. அதை உங்கள் கடைப் பதாகையில் அடிக்க வேண்டாம்.

நமது ஊருக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. நவம்பர், டிசம்பரில் பெரும்போகக் காசு விதையாகவும் உரமாகவும் வயலுக்குள் கிடக்கும். ஜூன், ஜூலையில் சிறுபோக வெள்ளாண்மை அறுவடைக்கு முன் நிற்கும். அதாவது இந்த உலகக் கிண்ணங்கள் வருவது கையில் காசில்லாத மாதங்களில். "அறுவடையோட தாறன் காக்கா" என்று கொப்பியில் எழுதச் சொல்வார்கள். அரிசிக்கும் மாவுக்கும் எழுதுங்கள். சேர்ட்டுக்கு எழுதாதீர்கள். கிண்ணம் முடிந்த பின் அந்தக் கடனைக் கேட்பது சங்கடமான வேலை.

தேநீர்க்கடைக்காரருக்குத்தான் உண்மையில் இலாபம். ஆனால் 2022 இன் அந்த நாட்களில் மின்வெட்டும் எரிபொருள் பங்கீடும் இருந்தன. பெரிய திரை வைத்தவர் ஜெனரேட்டருக்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பிளேன்டீயோடு இரண்டு மணித்தியாலம் அமர்பவரிடம் முகம் சுளிக்கவும் முடியாது. இடைவேளைப் பதினைந்து நிமிடத்தில்தான் வியாபாரம்; றோல்ஸும் வடையும் அதற்கு முன் பொரித்துத் தயாராக இருக்க வேண்டும்.

பந்தயம் பற்றி ஒரு வார்த்தை. "சும்மா ஒரு சோடாவுக்கு" என்று கடைவாசலில் ஆரம்பிப்பது இப்போது கைத்தொலைபேசியில் பெரிய தொகைக்குப் போய்விட்டது. அது ஹராம் என்பதை இங்கு எவருக்கும் விளக்கத் தேவையில்லை. வேலையாள் கையில் கல்லாச் சாவி இருக்கும் கடையில் அது வேறு வகையிலும் ஆபத்து. போட்டி நடக்கும் மாதத்தில் கல்லாவை வார முடிவில் அல்ல, இரவிலேயே எண்ணுங்கள்.

அந்த மஞ்சள் சேர்ட்டுகளில் சில இன்னும் அவர் கடையின் மேல் தட்டில் இருக்கின்றன. விலை கேட்டால் சிரிக்கிறார்.