பனியில் நின்ற வண்டி

மார்கழி பிறந்துவிட்டால் திருநகரில் பெரியவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் விடியற்காலைத் திருப்பலிக்கு வருவார்கள். புல்நுனியில் படியும் ஈரத்தையும் பனி என்கிறோம்; இமயத்தில் இடுப்பளவு குவிவதையும் பனி என்றே அழைக்கிறோம். முன்னது கதிரவன் எழுந்ததும் மறையும். பின்னதோ மனிதனையே புதைத்துவிடும். இவ்வேறுபாட்டை அறியாமலே நம் குடும்பங்கள் சில கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு மணாலிக்குப் புறப்படுகின்றன. பிள்ளைகளைக் கனடாவிலும் அமெரிக்காவிலும் குடியமர்த்திய பெற்றோரும் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்காகவே இச்சிறு கட்டுரை.

மணாலிக்கு அப்பால், சுமார் 10,000 அடி உயரத்தில், 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. அதன் பின்னர் குளிர்காலத்திலும் ஊர்திகள் பெருந்திரளாக மேலேறலாயின. 2024 டிசம்பர் 23 அன்று பெய்த பனியில், சோலாங்குக்கும் அச்சுரங்கத்துக்கும் இடையே சுமார் 1,000 ஊர்திகள் சிக்கின. காவல்துறையினர் பல மணி நேரம் உழைத்துப் பயணிகளை மீட்டனர்.

எல்லா இடத்திலும் முடிவு இவ்வாறு அமைவதில்லை. பாகிஸ்தானின் மரீ என்னும் மலைநகரில், 2022 சனவரி 7 ஆம் நாள் இரவு, பனியில் சிக்கிய வண்டிகளுக்குள்ளேயே குழந்தைகள் உட்படக் குறைந்தது 22 பேர் மாண்டனர். அவர்களுள் பலரைக் கொன்றது குளிரன்று, நச்சுக்காற்றே என்று அப்பொழுது அறிவிக்கப்பட்டது.

அது எவ்வாறு நேர்கிறது? குளிருக்கு அஞ்சிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு உறங்குகிறார்கள். குவியும் பனி, பின்புறத்துப் புகைக்குழாயை மூடிவிடுகிறது. வெளியேற வழியற்ற புகை வண்டிக்குள் நுழைகிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், பின்னர் மீளா உறக்கம். குளிருக்காக மூடிய அறைக்குள் அடுப்புக்கரி மூட்டி உறங்கியோர் மாண்ட செய்தி நம் கொடைக்கானலிலிருந்தும் வந்ததுண்டே!

ஆகவே வண்டி பனியில் நின்றுவிட்டால், முதற்கண் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். மணிக்கு ஒருமுறை பத்து நிமிடமளவே எஞ்சினை ஓட்டுங்கள். அப்பொழுதும் காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியைச் சிறிது இறக்கி வையுங்கள். அனைவரும் ஒரே வேளையில் உறங்கலாகாது. உதவி தேடிக் கண்தெரியாப் பனியில் நடந்து செல்லாதீர்கள், வண்டியே பாதுகாப்பு. பளிச்சென்ற நிறத்துணியொன்றை வண்டியின் மேல் கட்டுங்கள். கம்பளியும் குடிநீரும் தின்பண்டமும் எப்பொழுதும் உடனிருக்கட்டும். எல்லாவற்றிலும் மேலாக, செல்லவேண்டாம் என்று அவ்வூரார் தடுத்தால், செலவழித்த பணத்தை எண்ணாமல் திரும்பிவிடுங்கள்.

மற்றொரு நிகழ்ச்சியையும் கூறவேண்டும். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகர்ப்புறத்தைத் தாக்கிய பனிப்புயலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்பொழுது நயாகரா அருவியைக் காணச் சென்ற தென்கொரியப் பயணிகளின் வண்டி பள்ளத்தில் சிக்கிற்று. அருகிலிருந்த வீட்டுக் கதவைத் தட்டி மண்வெட்டி இரவல் கேட்டனர். அவ்வீட்டுத் தம்பதியரோ மண்வெட்டி தரவில்லை. ஓட்டுநர் உட்படப் பத்துப் பேரையும் உள்ளே அழைத்து, கிறிஸ்து பிறப்பு நாள்வரை தங்க வைத்தனர். விருந்தினரும் அடுக்களையில் புகுந்து தம் நாட்டு உணவைச் சமைத்துப் பரிமாறினர். பெத்லகேமில் கிடைக்காத இடம் அங்கே கிடைத்தது.

இறுக மூடிய கண்ணாடி உயிரைப் பறித்தது. திறந்த கதவு உயிரைக் காத்தது. பனி பெய்யாத நம் திருநகரிலும், நள்ளிரவில் வண்டி பழுதாகி நம் வாயிலில் நிற்போர் உண்டு. அவர்களுக்குக் கதவைத் திறப்போமா?