ஓரத்தில் ஒரு புள்ளி

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் பல்லில் போட்ட கம்பிக்கும் ஆகவே ஆகாது. அல்வா பரவாயில்லை; ஒட்டும், இனிப்பு தங்கும், ஆனால் எதையும் பெயர்க்காது. கடலைமிட்டாயைக் கடக்கென்று கடித்தால், பல்லில் ஒட்டியிருந்த உலோகத் துண்டு ஒன்று கழன்று நாக்கில் உருளும். “இத்துணூண்டுதானே, டாக்டர்ட்ட வேற இருக்கும்” என்று வீட்டில் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இன்று தச்சநல்லூரில் மதுரை ரோட்டோரம் ஒரு டீயைச் சொல்லிவிட்டு, அந்தத் துண்டை நாம் கொஞ்சம் நிதானமாகத் திருப்பிப் பார்ப்போம்.

கம்பி போடுவது என்று நாம் சொன்னாலும், பல்லில் ஒட்டுவது கம்பியை அல்ல, இந்தத் துண்டைத்தான். பிராக்கெட் என்பார்கள். அகலம் மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருக்கும். பின்பக்கம் பசை பிடிப்பதற்காகச் சொரசொரப்பாக வலை. முன்பக்கம் குறுக்கே ஒரு காடி. கம்பி உட்காருவது அதில்தான். காடியின் உயரம் 0.022 அங்குலம் அல்லது 0.018 அங்குலம், அதாவது சுமார் அரை மில்லிமீட்டர். காடிக்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு சிறகுகள். கம்பி நழுவாமலிருக்க ரப்பர் வளையத்தை இவற்றில்தான் மாட்டுகிறார்கள். புதுத் துண்டாக இருந்தால், நான்கு சிறகுகளில் ஒன்றில் மட்டும் சிவப்போ பச்சையோ ஒரு புள்ளி தெரியும்.

புள்ளி எதற்கு என்று கேட்டால் அழகுக்கு என்பார்கள், கம்பெனி அடையாளம் என்பார்கள். அப்படி நினைக்க ஒரு காரணம் இருக்கிறது. பிராக்கெட் என்பது வெறும் கொக்கி, எல்லாப் பல்லுக்கும் ஒரே கொக்கி, பல்லை நகர்த்துகிற வேலையெல்லாம் கம்பியுடையது என்று நாம் முதலிலேயே முடிவு செய்துவிடுகிறோம். கொக்கி எல்லாம் ஒன்றென்றால் அதற்கு அடையாளம் எதற்கு?

இதை முழுத் தப்பென்று தள்ளவும் முடியாது. ஒரு காலத்தில் அதுதான் நடைமுறை. 1920களில் அமெரிக்காவில் எட்வர்டு ஆங்கிள் கொண்டுவந்த முறையில் பிராக்கெட்டின் காடி எல்லாப் பல்லுக்கும் நேராகவே இருந்தது. ஒவ்வொரு பல்லும் எவ்வளவு சாய வேண்டும், எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை டாக்டர்தான் இடுக்கியால் கம்பியில் வளைத்து வளைத்து வைப்பார். நம் நாட்டுக் கல்லூரிகளில் நெடுங்காலம் கற்றுக்கொடுத்தது ஆஸ்திரேலியாக்காரர் ரேமண்ட் பெக்கின் முறையை. அதிலும் பிராக்கெட் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். சாய்ப்பதையும் நிமிர்த்துவதையும் கம்பியும் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளும் பார்த்துக்கொண்டன. ஆக, நம் தாத்தா காலத்துக் கிளிப்புக்கு அந்த எண்ணம் சரி. இன்றைய கிளிப்புக்குத்தான் பொருந்தாது.

மாற்றியவர் சான் டியேகோவில் இருந்த லாரன்ஸ் ஆண்ட்ரூஸ். எந்தச் சிகிச்சையும் செய்யாமலே நல்ல பல்வரிசை அமைந்த 120 பேரின் பல் அச்சுகளைச் சேர்த்து, ஒவ்வொரு பல்லும் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அளந்தார். பல் ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும், நல்ல வரிசைகளில் கோணங்கள் பெரும்பாலும் ஒத்துப்போயின. அப்படியானால் ஒவ்வொரு நோயாளிக்கும் அதே வளைவுகளைக் கம்பியில் ஏன் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்? கம்பியை நேராக விட்டுவிட்டு, அந்தக் கோணங்களைப் பிராக்கெட்டுக்குள்ளேயே வைத்து 1970 வாக்கில் கொண்டுவந்தார். 120 அச்சுகளில் கண்டதை 1972இல் கட்டுரையாகவும் எழுதினார்.

பிராக்கெட்டுக்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது? முதலாவது கனம். மேல்வரிசையில் நடுப்பல்லை அடுத்த பக்கப்பல் இயல்பிலேயே சற்று உள்ளடங்கியது. அதன் பிராக்கெட் தடிமனாக இருக்கும். இரண்டாவது பக்கவாட்டுச் சாய்வு. மூன்றாவது, பல்லின் வேர் உள்ளே போவதா வெளியே வருவதா என்கிற முன்பின் சாய்வு. டார்க் என்பது இதைத்தான். இன்று பரவலாகப் புழங்கும் எம்பிடி என்ற அளவுமுறையில் மேல் நடுப்பல்லுக்கு டார்க் 17 டிகிரி, பக்கப்பல்லுக்கு 10, கோரைப்பல்லுக்கு எதிர்ப்பக்கமாக 7. பக்கவாட்டுச் சாய்வு முறையே 4, 8, 8. கம்பி காடியை முழுக்க நிறைக்காது, கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அதனால் எழுதிய டிகிரி அப்படியே பல்லில் வந்து சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வலது பக்கப்பல்லுக்கு உரியதை இடது பக்கப்பல்லில் ஒட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 8 டிகிரி இந்தப் பக்கம் சாய வேண்டிய பல்லை அந்தப் பக்கம் 8 டிகிரி சாயச் சொல்கிறோம். வித்தியாசம் 16. கம்பி நேராக வேண்டும் என்று மட்டுமே பார்க்கும். காடி எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அங்கே பல்லைக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

பழைய வீடுகளில் ஜன்னல் கதவு செய்த ஆசாரிகள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். நான்கு கதவும் பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் நிலைக்கு இழைத்தது. கதவின் விளிம்பில் உளியால் ஒரு கீறல், அதன் நிலையில் ஒரு கீறல், அடுத்ததற்கு இரண்டிரண்டு. பெயிண்டுக்குக் கழற்றினாலும் இடம் மாறாது. பிராக்கெட்டின் புள்ளி அந்தக் கீறல்தான்.

பெரும்பாலான கம்பெனிகள் புள்ளி வைக்கும் மூலை ஒன்றே: ஈறுப் பக்கம், முகத்தின் நடுக்கோட்டை விட்டு விலகிய பக்கம். ஒட்டும்போது புள்ளி அந்த மூலைக்கு வந்தால் துண்டு தலைகீழாக இல்லை, பக்கமும் மாறவில்லை. எந்தப் பல் என்பதை நிறம் சொல்லும். ஆனால் நிறத்தில் ஒற்றுமை கிடையாது. ஒரு கம்பெனியில் கோரைப்பல்லுக்கு வைத்த நிறம் இன்னொன்றில் வேறு பல்லுக்குப் போயிருக்கும். தவிர, தீட்டிய சாயம் பல் துலக்கத் துலக்கப் போய்விடும். அதனால்தான் பல பிராக்கெட்டுகளின் பின்பக்கம் லேசரால் எண்ணும் பொறித்திருப்பார்கள். கழன்று விழுந்ததில் அந்த எண்ணைப் பழைய பசை மூடியிருக்கும் என்பது வேறு தொல்லை.

அந்த எண்ணைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. 11 என்றால் பதினொன்று அல்ல, ஒன்று ஒன்று. முதல் இலக்கம் வாயின் கால்பகுதி: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. வலது என்பது எதிரே நிற்கிற நமது வலது அல்ல, நோயாளியின் வலது. அமெரிக்காவில் 1 முதல் 32 வரை நேராக எண்ணுகிறார்கள். அங்கே 11 என்றால் இடது மேல் கோரைப்பல். அங்கே படிக்கிற பிள்ளை போனில் “அம்மா, பதினொன்று கழண்டுட்டு” என்றால் எந்த ஊர்க் கணக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாத் துண்டுக்கும் இவ்வளவு கறார் இல்லை. எம்பிடி அளவில் கீழ் முன்பற்கள் நான்குக்கும் கோணங்கள் ஒன்றே, பக்கவாட்டுச் சாய்வு பூஜ்யம். அங்கே ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஒட்டினால் கெடுதல் இல்லை. ராத் என்ற இன்னொரு அளவுமுறையோ மேல் நடுப்பல்லுக்கு 17க்குப் பதில் 12தான் கேட்கிறது. சென்னையில் கம்பி போட்டுவிட்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிள்ளைக்கு இங்கே ஒன்று கழன்றால், எந்தப் பல் என்பதோடு எந்த அளவு என்பதும் இங்குள்ள டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

சிலருக்கு மேல் பக்கப்பல் வரிசையை விட்டு அண்ணத்தின் பக்கம் முளைத்திருக்கும். பிராக்கெட்டை வழக்கப்படி ஒட்டினால் தலை வெளியே வந்துவிடும், வேர் உள்ளேயே நின்றுவிடும். அப்போது டாக்டர் வேண்டுமென்றே அதைத் தலைகீழாக ஒட்டுவார். பக்கவாட்டுச் சாய்வு அப்படியே இருக்க, 10 டிகிரி டார்க் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி வேரை வெளியே தள்ளும். புள்ளி கடிக்கும் விளிம்புப் பக்கம், நடுக்கோட்டை ஒட்டிய மூலைக்கு வந்திருக்கும். அது கழன்று, விவரம் தெரியாத வேறொருவர் புள்ளியைப் பார்த்து ஒழுங்காக ஒட்டிவிட்டால், வெளியே வந்துகொண்டிருந்த வேர் மறுபடி உள்ளே திரும்பும். இந்தத் தகவல் பிராக்கெட்டில் இருக்காது, முதல் டாக்டரின் கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். ஆகவே விழுந்த துண்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போகும்போது, அந்தத் தாளையும் ஒரு போட்டோ பிடித்துப் போனில் வைத்துக்கொண்டு போங்கள்.