குறுஞ்செய்தியில் எழுத்தெண்ணிக்கை

‘தமிழ்’ என்னும் சொல் மூன்றெழுத்துடையதென்பது இலக்கண நூலார் கணக்கு. கைப்பேசிக் குறுஞ்செய்தியிலோ அஃது ஐந்தாக எண்ணப்படுகின்றது. இதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட்டு. 1980-களில் ஐரோப்பியத் தொலைபேசித் துறையினர் அமைத்த திட்டம் இது. ஆங்கில எழுத்தொன்று 7 பிட்டில் அடங்குதலின் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழ் எழுதப்பெறும் ஒருங்குறிக்கு 16 பிட்டு வேண்டுதலின் 70 இடங்களே எஞ்சும்.

அவ்விடங்களும் எழுத்துக்கு ஒன்றாக அமைந்தில. அமெரிக்கக் கணிப்பொறி நிறுவனங்கள் முன்னின்று 1991-இல் வெளியிட்ட ஒருங்குறி, இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டுக் குறியீட்டைத் தழுவித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கிற்று. 247 எழுத்துகள் அதனுள் அடங்கா. ஆகவே த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி என ஐந்தாயிற்று. ஒரு மாத்திரையுடைய ககரம் ஓரிடம் பெற, அரை மாத்திரையே உடைய ககரமெய் ஈரிடம் பெறுகின்றது! வரிவடிவ நோக்கில் இது பொருந்துமெனினும், எழுத்திலக்கண நோக்கில் தலைகீழே என்பது எம் கருத்து.

உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் குறியீட்டைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியுடன் ஏற்றது. எனினும் விற்பனைக் கைப்பேசிகளில் ஒருங்குறியே நிலைபெற்றது.

எழுபதைக் கடந்த செய்தி இரண்டாகப் பகுக்கப்பட்டுக் கட்டணமும் இருமடங்காகும். பல்லாயிரவர்க்கு ஒருங்கே செய்தி விடுக்கும் வங்கிக்கும் வணிகர்க்கும் இது பெருஞ்செலவு. அன்னோர் ஆங்கிலத்தை நாடுதற்கும், நம்மவர் தமிழை உரோமன் எழுத்தில் எழுதப் பழகியதற்கும் மொழிப்பற்றின்மை ஒன்றையே காரணங்காட்டுவார், இக்கணக்கை நோக்கினாரல்லர்.