ஆண்டறிக்கையில் இடம்பெறாத மாணவர்கள்

ஆண்டு விழா மேடையில் தலைமையாசிரியர் வாசிக்கும் ஆண்டறிக்கைக்குத் தமிழ்நாட்டில் ஒரு நிலைத்த வடிவம் உண்டு. சென்ற ஆண்டுப் பொதுத்தேர்வின் தேர்ச்சி விழுக்காடு, முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்களின் மதிப்பெண், மாவட்டத் தடகளப் போட்டியில் கிடைத்த பதக்கங்கள், கலைத் திருவிழாப் பரிசுகள், என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைக்குத் தேர்வானவர்கள், சாரணர் முகாம், தேசிய மாணவர் படை, கட்டடத்துக்கும் மேசை நாற்காலிக்கும் உதவிய புரவலர்களுக்கு நன்றி என்று அது வரிசையாகப் போகும். பிறகு பரிசளிப்பு. கேடயம், புத்தகம், எவர்சில்வர் பாத்திரம். பெற்றோர் கைதட்டுகிறார்கள், பையன் மேடையேறி இறங்குகிறான். இவை எல்லாமே சொல்லத் தகுந்த செய்திகள்தான். உழைத்தவனை ஊரறியப் பாராட்டுவதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் ஆண்டறிக்கையில், இவை எல்லாவற்றுக்கும் முன்பாக இன்னொரு கணக்கு வாசிக்கப்பட வேண்டும் என்பது என் வாதம். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு அறை வரை வந்தார்கள், வராதவர்கள் எங்கே போனார்கள் என்ற கணக்கு அது. ஆண் பிள்ளைகளின் படிப்பைப் பொறுத்தவரை இன்றைக்கு மிகப் பெரிய செய்தி அதில்தான் இருக்கிறது.

தேர்வு முடிவுகள் வரும் மே மாதத்தில் நாளிதழ்கள் தவறாமல் போடும் தலைப்பு, ‘வழக்கம்போல் மாணவிகளே அதிகத் தேர்ச்சி’ என்பது. வழக்கம் என்று ஆகிவிட்டதாலேயே அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. 2024ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் மாணவிகளில் 96.44 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றார்கள், மாணவர்களில் 92.37. அடுத்த ஆண்டும் ஏறத்தாழ அதே இடைவெளி: 96.70, 93.16. நான்கு விழுக்காடு சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். விழுக்காட்டை விட்டுவிட்டுத் தலையை எண்ணினால்தான் உண்மை புரியும். 2024இல் பத்தாம் வகுப்புத் தேர்வை மாணவர்களும் மாணவிகளும் கிட்டத்தட்டச் சம எண்ணிக்கையில், தலா சுமார் 4,47,000 பேர், எழுதினார்கள். அதே ஆண்டு பிளஸ் டூ தேர்வை எழுதிய மாணவிகள் சுமார் 4,08,000. மாணவர்கள் சுமார் 3,52,000. பத்தாம் வகுப்பில் தோளோடு தோள் நின்றவர்கள், இரண்டே வகுப்பு தாண்டியதும் 56,000 பேர் வித்தியாசத்தில் பிரிந்து நிற்கிறார்கள். இவை இரண்டும் வெவ்வேறு ஆண்டில் பத்தாம் வகுப்பு முடித்த அணிகள் என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றை நேராகக் கழித்துவிட முடியாது. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும் போகிறவர்களில் பையன்களே அதிகம் என்பதும் உண்மை. அது நல்ல வழி, இழப்புக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது. அப்படிப் போனவர்களைத் தள்ளிவிட்டாலும், பத்தாம் வகுப்பில் தோற்றுத் திரும்பி வராதவர்களும், பிளஸ் ஒன் பாதியில் நின்றவர்களும் மிச்சமிருப்பார்கள். 2024இல் பத்தாம் வகுப்பில் தேறிய மாணவர்கள் 88.58 விழுக்காடு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பையன்கள் அந்த ஒரு மே மாதத்தில் மட்டும் தேறவில்லை.

தேறாத பெண் பிள்ளையைவிடத் தேறாத ஆண் பிள்ளைக்கு வேலை சுலபமாகக் கிடைக்கிறது. முகூர்த்த நாள்களில் பந்தி பரிமாற ஆள் வேண்டும். பெயின்ட் அடிப்பவருக்குக் கையாள் வேண்டும், டைல்ஸ் போடுகிறவருக்கு உதவியாள் வேண்டும், பனியன் கம்பெனிக்கும் பட்டறைக்கும் ஆள் வேண்டும். சாயங்காலம் கையில் பணம் வந்துவிடுகிறது. பதினைந்து வயதில், கணக்குப் பாடம் புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைவிட இது மரியாதையாகத் தோன்றுகிறது. கடன்பட்ட வீட்டுக்கோ அந்தப் பணம் தேவைப்படுகிறது. சட்டமும் இந்த வயதில்தான் கையை விடுகிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் வந்த திருத்தம், 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு அபாயகரமான தொழில்களை மட்டுமே தடை செய்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பையனைப் பள்ளியில் பிடித்து வைக்கும் சட்டம் இல்லை, வேலைக்குப் போவதைத் தடுக்கும் சட்டமும் அநேகமாக இல்லை. அந்த நான்கு ஆண்டுகளில் அவனைத் தாங்குவது வீடும் பள்ளியும்தான். வீடு தளர்ந்துபோனால் மிஞ்சுவது பள்ளி மட்டுமே.

ஆண்கள் பள்ளிகளை மட்டும் தனியே பார்த்தால் இன்னும் கவலையாக இருக்கிறது. 2024 பிளஸ் டூ முடிவில் பெண்கள் பள்ளிகளின் தேர்ச்சி 96 விழுக்காட்டுக்கு மேல்; இருபாலர் பள்ளிகள் 95ஐ நெருங்கின; ஆண்கள் பள்ளிகள் 87 விழுக்காட்டில் நின்றன. முந்தைய ஆண்டும் ஆண்கள் பள்ளிகள் 90ஐத் தொடவில்லை. மாநிலம் முழுவதும் உள்ள மாணவர்களின் தேர்ச்சி 92 என்றிருக்க, ஆண்கள் பள்ளிகளின் தேர்ச்சி அதைவிட ஐந்து விழுக்காடு குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். பையன்கள் விளையாட்டுப் புத்திக்காரர்கள், அவர்கள் இயல்பே அப்படித்தான் என்ற பழைய சமாதானம் இங்கே நிற்காது. இருபாலர் பள்ளியில் படிப்பவனும் பையன்தானே? அப்படியானால் பள்ளியைப் பிரித்து வைத்ததுதான் காரணம், எல்லாவற்றையும் இருபாலர் பள்ளியாக மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கேரளத்தில் மாநிலக் குழந்தை உரிமை ஆணையம் 2022இல் அப்படியே உத்தரவிட்டது. யோசிக்க வேண்டிய யோசனைதான், ஆனால் இந்த எண்ணிலிருந்து மட்டும் அந்த முடிவுக்குப் போக முடியாது. நகரங்களின் நடுவே இருக்கும் பழைய ஆண்கள் பள்ளிகள் பலவற்றிலிருந்து வசதியுள்ள குடும்பங்கள் எப்போதோ தனியார் மெட்ரிக் பள்ளிகளுக்குப் போய்விட்டன. கூலி வேலைக்காரர் வீட்டுப் பையன்களும், வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களும் அங்கே வந்து சேர்கிறார்கள். மற்றவர்கள் தூக்க மறுத்த சுமையை அந்தப் பள்ளிகள் தூக்குகின்றன. அவற்றை வெறும் தேர்ச்சி விழுக்காட்டால் அளந்து மட்டம் தட்டுவது அநியாயம். சேர்ந்தவனை முடிக்க வைத்த கணக்கைக் கேட்டால், இப்படிப்பட்ட பள்ளிகளில் சில, நூறு விழுக்காடு வாங்கும் பள்ளிகளைவிடப் பெரிய காரியம் செய்திருப்பது தெரியவரும்.

ஏனென்றால் நூறு விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களில் தேறியவர்களின் கணக்கு. எழுத வராதவன் அதில் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை என்ற செய்தி தமிழ்நாட்டையே திடுக்கிட வைத்தது. அவர்களில் பலர் நெடுநாளாகவே பள்ளிக்கு வராதவர்கள் என்று பிறகு தெரிந்தது. மே மாதம் அறிவிக்கப்பட்ட 94.03 விழுக்காட்டுத் தேர்ச்சியில் அந்த வராதவர்களுக்கு இடமில்லை. ஒரு பையன் இப்படிக் கணக்கிலிருந்து கழன்று போவதை வருகைப் பதிவேட்டில் கண்ணால் பார்க்கலாம். ஜூன் மாதப் பக்கத்தில் அவன் பெயருக்கு நேராக எல்லாக் கட்டங்களிலும் வருகை இருக்கும். தீபாவளிக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் இருக்காது. பொங்கலுக்குப் பிறகு கட்டங்கள் நிறைய ‘ஆ’. ஒருநாள் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழும். கல்வித் துறையின் எமிஸ் இணையத்தில் அவன் பெயர் அந்தப் பள்ளியின் பட்டியலிலிருந்து ‘காமன் பூல்’ என்ற பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். அத்தோடு அவன் எந்தப் பள்ளியின் மாணவனும் இல்லை. தேர்ச்சி விழுக்காடு ஒன்றையே பெருமையாகக் கொண்ட பள்ளிக்கு, தேறமாட்டான் என்று நினைக்கும் பையன் ஒன்பதாம் வகுப்போடு மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனால் நிம்மதி. அப்படி வாங்கிக்கொண்டு போகச் சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன என்பது பெற்றோர் எல்லாரும் அறிந்த விஷயம். எதை எண்ணுகிறோமோ அதற்காகத்தான் பள்ளிகள் உழைக்கும். எழுதியவர்களை மட்டும் எண்ணினால், எழுதாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலையாகிவிடும்.

மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பெயர்களை அறிவிக்கும் முறையைத் தமிழ்நாடு அரசு 2017இல் நிறுத்தியது. பிள்ளைகளின் மேல் ஏறியிருந்த தேவையில்லாத பாரத்தை இறக்கிய நல்ல முடிவு அது. பட்டியல் போனதே தவிர, ஃபிளக்ஸ் போகவில்லை. பள்ளிச் சுற்றுச்சுவரில் மூன்று பையன்களின் முகங்கள், கீழே அறுநூற்றுக்கு எவ்வளவு என்ற எண், பக்கத்தில் தாளாளரின் படம் என்று ஒவ்வொரு மே மாதமும் அது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

சிறந்தவனைத் தனியே எடுத்துப் பாராட்டாவிட்டால் மேதைகள் எப்படி வெளிப்படுவார்கள் என்று கேட்பவர்களுக்கு, நம் ஊரின் மிகப் புகழ்பெற்ற பரிசளிப்பு ஒன்றையே பதிலாகச் சொல்லலாம். கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் 1904இல் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு ராமானுஜனுக்குக் கொடுக்கப்பட்டது. தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர், இந்த மாணவனுக்கு முழு மதிப்பெண்ணுக்கும் மேலே போட வேண்டும் என்று சொல்லி அவரை அறிமுகப்படுத்தினார். அந்தப் பள்ளி சரியாகவே கண்டுகொண்டது; அந்தப் பரிசும் சரியான கைக்குத்தான் போனது. பிறகு நடந்ததைப் பாருங்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கு உதவித்தொகையோடு போனவர், கணிதம் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லாமல் தோற்று, உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டைவிட்டு ஓடினார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் இரண்டு முறை தோற்றார். பட்டமில்லாமல், வருமானமில்லாமல், தன் நோட்டுப் புத்தகங்களோடு அலைந்து, 1912இல்தான் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலையில் அமர்ந்தார். கணிதத்தில் ஈடுபாடுள்ள நண்பர்கள் சிலர் கைகொடுத்திராவிட்டால் அந்தப் பெயரையே நாம் இழந்திருப்போம். கணிதத்தில் உலகமே வியந்த ஒருவர், படிப்பை இடையில் விட்ட பையன்களின் பட்டியலில் சில ஆண்டுகள் இருந்தார். மேடையில் கிடைத்த பரிசு அவரைக் காப்பாற்றவில்லை. விழுந்தபோது ஏன் விழுந்தாய் என்று கேட்டுத் தூக்க அந்தக் கல்லூரிகளில் ஏற்பாடு எதுவும் இல்லை. பரிசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரிசு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

பள்ளிக்கு ஒழுங்காக வருவதும் படிப்பை முடிப்பதும் கடமை, அதைச் சாதனை என்று மேடையில் சொன்னால் தரம் கெட்டுவிடும் என்பது இன்னொரு மறுப்பு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தூரம் என்றால் அது சரி. விடியற்காலையில் மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு ஒன்பது மணி மணியடிப்பதற்குள் வகுப்புக்கு வரும் பையன், மே மாதம் தோற்று, ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு எழுதித் தேறினால், அவன் வாங்கிய 220 மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு 580க்குக் குறைந்தது இல்லை. நடைமுறையில் துணைத்தேர்வில் தேறியவர்களின் எண்ணிக்கையை எந்த ஆண்டறிக்கையும் சொல்வதில்லை. அதற்குள் அவர்கள் பள்ளியைவிட்டுப் போய்விட்டார்கள் என்று எண்ணம். பள்ளிக்கே பெருமை தர வேண்டிய எண் அது. அடுத்து, நின்றுபோனவர்களைப் பற்றி மேடையில் பேசினால் அந்தக் குடும்பங்களுக்கு அவமானம் அல்லவா என்று கேட்பார்கள். பெயர் வேண்டாம், எண் போதும். இத்தனை பேர் வரவில்லை, அவர்களில் இத்தனை பேர் வீட்டுக்கு ஆசிரியர்கள் போனார்கள், இத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று சொல்வதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை. ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே எமிஸ் பதிவேற்றமே பெருஞ்சுமை, இதில் இன்னொரு கணக்கா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதற்குப் புதிதாக எதையும் பதிய வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் விவரமும் அதே எமிஸில் இருக்கிறது. அதை எடுத்துக் கூட்டிப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை.

அரசு இந்தக் குறையை உணராமல் இல்லை. மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. கல்லூரிக்குப் போகும் பையன்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கப்பட்டது. உயர்கல்வியில் சேராமல் விடுபட்டவர்களைத் தேடிப் பிடிக்க ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள் நடக்கின்றன. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆயினும் அந்த ஆயிரம் ரூபாய், கல்லூரி வாசலுக்கு வந்தவனுக்குத்தான். பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் நடுவே விழுந்தவனுக்கு அது எட்டாது. அங்கே அவனைப் பார்க்கக்கூடியவர்கள் அவனுடைய வகுப்பாசிரியரும், அந்த ஊர்க்காரர்களும்தான்.

ஆகவே இதைப் படிக்கும் பெற்றோருக்கும், முன்னாள் மாணவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் வந்ததும், உங்கள் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், இந்த ஆண்டு பிளஸ் டூ ஹால் டிக்கெட் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். குறை சொல்லும் குரலில் கேட்காமல், வராதவன் வீட்டுக்கு நானும் உங்களோடு வருகிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். அந்த இரண்டு எண்களையும் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.