அடுக்குக் கோபுர நிலைப்புச் சோதனை

அடுக்குக் கோபுர நிலைப்புச் சோதனை என்பது, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கட்டைகள் கவிழாமல் நிற்குமா என்பதைக் கணினி நிரல் மூலம் கண்டறியும் முறை ஆகும். கட்டைகள் வளையாதவை, சீரான அடர்த்தி உடையவை, ஒன்றோடொன்று ஒட்டப்படாதவை என இங்கு கொள்ளப்படுகிறது.

அடிப்படை

ஒரு கட்டையின் மேலுள்ள பகுதி முழுவதும் ஒரே பொருளாகக் கருதப்படும். அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையப்படும் செங்குத்துக்கோடு தொடுபரப்பினுள் விழ வேண்டும். எல்லாத் தொடுபரப்புகளிலும் இந்நிபந்தனை நிறைவேறினால் மட்டுமே கோபுரம் நிற்கும்.

வழக்கமான பிழை

ஒவ்வொரு கட்டையையும் அதற்கு அடுத்துக் கீழுள்ள கட்டையுடன் மட்டும் ஒப்பிடுவது தவறான விடையைத் தரும். எடுத்துக்காட்டாக, 10 செ.மீ. நீளமுள்ள சம எடையுடைய மூன்று கட்டைகள், ஒவ்வொன்றும் 4 செ.மீ. வலப்புறம் தள்ளி அடுக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். அவற்றின் மையங்கள் முறையே 5, 9, 13 ஆகும். நடுக்கட்டையின் மையம் (9), அடிக்கட்டையின் விளிம்பாகிய 10-க்கு உள்ளேயே உள்ளது. மேற்கட்டையின் மையமும் (13), நடுக்கட்டையின் விளிம்பாகிய 14-ஐத் தாண்டவில்லை. ஆயினும் மேலுள்ள இரண்டின் பொது மையம் 11 ஆதலால் அவை கவிழ்ந்துவிடும்.

படிமுறை

# மொத்த எடை, மொத்தத் திருப்புத்திறன் ஆகிய இரு மாறிகளுக்கும் தொடக்கத்தில் சுழியம் இடப்படும்.
# உச்சிக் கட்டையிலிருந்து தொடங்கி, கட்டையின் எடையும், எடை × மையத்தின் தொலைவும் முறையே அவற்றுடன் கூட்டப்படும்.
# திருப்புத்திறனை எடையால் வகுத்தால் பொது மையம் கிடைக்கும். அது கீழுள்ள தொடுபரப்பின் இரு எல்லைகளுக்கும் வெளியே இருந்தால் "கவிழும்" என விடை தரப்படும்.
# இல்லையெனில் அடுத்த கட்டைக்குச் செல்ல வேண்டும்.

ஒவ்வொரு கட்டையும் ஒருமுறையே பார்க்கப்படுவதால், கணக்கிடும் நேரம் கட்டைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் அமையும்.

விளிம்பு நிலை

உச்சியிலிருந்து கட்டை நீளத்தின் 1/2, 1/4, 1/6, 1/8 எனத் தள்ளி மேசை விளிம்பில் அடுக்கினால், நான்கு கட்டைகளின் மொத்த நீட்சி 25/24 ஆகும். அதாவது, உச்சிக் கட்டை முழுவதும் மேசைக்கு வெளியே நிற்கும். இங்கு ஒவ்வொரு பொது மையமும் சரியாக விளிம்பிலேயே விழுகிறது. 1/6 போன்ற எண்களைக் கணினி தோராயமாகவே சேமிப்பதால் விடை மாறக்கூடும். பின்னங்களையோ முழு எண்களையோ பயன்படுத்தி இதனைத் தவிர்க்கலாம். கோட்பாட்டளவில் நிற்கும் இவ்வடுக்கு, நடைமுறையில் சிறு அசைவிலும் கவிழும்.

வரம்பு

ஒரே மட்டத்தில் பல கட்டைகள் இருந்தால் மேற்கண்ட படிமுறை போதாது. ஒரு கட்டையை இரண்டு கட்டைகள் தாங்கும்போது விசை எவ்வாறு பகிரப்படும் என்பது உடனே தெரியாது. அந்நிலையில், எல்லாக் கட்டைகளையும் சமநிலையில் வைக்கும் எதிர்மமற்ற விசைகள் உள்ளனவா என்பது நேரியல் திட்டமிடல் மூலம் சோதிக்கப்படுகிறது.